ஒரு திருகாணிக்கு ஒன்பது கடை



மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவன் சைக்கிள் பெடலைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று நம் இதழைப் பிரித்தவுடன் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். என் கடையில் பருப்பும் மிளகாய் வற்றலும் வெல்லமும் எண்ணெயும்தான் சரக்கு. ஆனால் சென்ற சாரல் காலத்தில் என் கடை வாசலில் நடந்த ஒரு காரியமும், 1984-ல் என் கையாலேயே நடந்த ஒரு தவறும் சேர்ந்து இதை எழுத வைத்தன. உதிரி பாகம் என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற பொருளைப் பற்றி நம் சங்கம் ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. படித்துவிட்டு மறுப்பவர்கள் மறுக்கலாம்.

முதலில் வாசலில் நடந்தது. காலை ஏழரை மணி, தூறல். கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். புனலூரிலிருந்து ஆரியங்காவு கணவாய் ஏறி, புளியரை, செங்கோட்டை வழியாக ஒரு இளைஞர் சைக்கிளில் வந்தார். மலைப்பாதையில் ஓட்டுகிற வகை, பட்டை டயர், மின்னுகிற பெயிண்டு. குற்றாலத்துக்கு வழி கேட்க என் கடை முன்னால் பிரேக் பிடித்தார். சைக்கிள் நின்றது, ஆனால் அவர் கால் தரைக்கு வரவில்லை. வெட்டிய வாழை மாதிரி அப்படியே இடது பக்கமாகச் சாய்ந்தார். அந்த நேரம் பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

ஓடிப்போய்த் தூக்கினோம். கால் பெடலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூவின் கட்டை அவிழ்த்துக் காலை உருவிய பிறகும் ஷூ மட்டும் பெடலில் தொங்கிற்று. என் கடைப் பணியாள் ஒருவர், "என்ன அண்ணாச்சி, பெவிக்கால் போட்டு ஒட்டுன மாதிரி இருக்கு!" என்றார்.

இந்தப் பெடலைப் பற்றிச் சொல்ல வேண்டும், நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். அதற்கு 'கிளிப்லெஸ்' பெடல் என்று பெயர். கிளிப் இல்லாத பெடல் என்று அர்த்தம், ஆனால் காலைப் பூட்டிப் பிடிப்பதுதான் அதன் வேலையே! முன்பு பந்தய சைக்கிள்களில் கால் நழுவாமலிருக்க பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூண்டும் தோல் வாரும் இருக்கும். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். அது இல்லாமலே பூட்டுவதால் இந்தப் பெயர். பனிச்சறுக்குக் காலணிக்குப் பூட்டு செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு கம்பெனி 1984-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு வருடமே பெர்னார் ஈனோ என்ற வீரர் இதை மிதித்து பிரான்சு தேசச் சுற்றுப் பந்தயத்தை ஜெயித்தார். மலைப்பாதை சைக்கிளுக்கு ஏற்ற சிறிய வகையை ஜப்பானின் ஷிமானோ 1990-ல் கொண்டுவந்தது. எஸ்.பி.டி. என்பார்கள். ஷூவின் அடியில், கட்டை விரல் அளவுகூட இல்லாத ஒரு உருக்குத் துண்டு இரண்டு திருகாணிகளால் பிடித்திருக்கும். அதற்குக் கிளீட் என்று பெயர். பெடலில் ஸ்பிரிங் கொக்கி இருக்கும். மிதித்தால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விடும்.

இதில்தான் சூட்சுமம். கிளீட்டை இரண்டு திருகாணி பிடித்திருக்கும் வரை, பாதம் திரும்பினால் கிளீட்டும் திரும்பிக் கொக்கியைத் தள்ளும். ஒரு திருகாணி கழன்று விழுந்துவிட்டால், மிச்சம் இருக்கிற ஒன்றே அச்சாகி, ஷூ மட்டும் சுழலும், கிளீட் நின்ற இடத்திலேயே நிற்கும். எவ்வளவு திருப்பினாலும் பூட்டு விடாது. அந்தப் பையனுக்கு நடந்தது அதுதான். கணவாய் இறக்கத்தின் குலுக்கலில் எங்கோ ஒரு திருகாணி விழுந்துவிட்டது. மிதித்துக்கொண்டே வந்தவரைக்கும் தெரியவில்லை. நிறுத்தியபோது தெரிந்தது.

எங்கள் தெருமுனையில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் பெரியவரை அழைத்தேன். எழுபது தாண்டியவர். அவர் இந்த வகைப் பெடலை அதற்கு முன் கையால் தொட்டதில்லை. குனிந்து ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு சின்ன அலன் கீ ஒன்றால் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்தி, பின் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஷூவை எடுத்துவிட்டார். "எல்லாம் பூட்டுதானே அண்ணாச்சி, பூட்டுன்னா தொறக்க ஒரு வழி வச்சிருப்பான்" என்றார்.

எடுத்தாயிற்று. விழுந்த திருகாணிக்கு மாற்று வேண்டுமே! கடைப் பணியாளை ஸ்கூட்டரில் அனுப்பினேன். ஹார்டுவேர் கடை, சைக்கிள் கடை, மோட்டார் சைக்கிள் ஒர்க்ஷாப், அலுமினிய ஜன்னல் போடும் பட்டறை என்று ஒன்பது இடம் போய்விட்டு வந்தார். ஐந்து மில்லிமீட்டர் மரை இருக்கிறது, ஆனால் தலை உயரம். அதைப் போட்டால் பூட்டில் உட்காராது. தலை சரியாக இருந்தால் நீளம் இடிக்கிறது. நீளமும் சரியாக இருந்த ஒரு கடையில், "நூறு பாக்கெட் எடுத்தா தாரேன், ஒண்ணு ரெண்டெல்லாம் பிரிக்க மாட்டோம்" என்றார்களாம்.

இந்தக் கடைசி பதிலைக் கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் அது நான் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற பதில். மூடையாக எடுத்தால் எடு, கிலோவுக்குப் பிரிக்க மாட்டோம் என்பதுதானே மொத்த வியாபாரி பேச்சு!

பெரியவர் அதற்குள் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் பாட்டில் வைக்கிற கூடு ஒன்று சட்டத்தில் இரண்டு திருகாணியால் பிடித்திருந்தது. அதில் ஒன்றைக் கழற்றிக் கிளீட் துளையில் வைத்துத் திருகிப் பார்த்தார். அதே ஐந்து மில்லிமீட்டர் மரை. ஓடிப் பிடித்தது. தலையைக் கொஞ்சம் அரத்தால் ராவினார். கூட்டை ஒரு திருகாணியும் சணல் கயிறுமாகக் கட்டிவிட்டார். போதாததற்கு, "மனசு ஒப்பலன்னா சாதா ரப்பர் பெடல் மாட்டித் தாரேன் தம்பி, அதுவும் சேரும்" என்றார். நான் நம்பவில்லை. அவர் தன் பட்டறையிலிருந்து ஒரு பழைய பெடலைக் கொண்டுவந்து காட்டினார். உண்மைதான். நம் டபுள் பார் சைக்கிளின் பெடலிலும் அந்த விலையுயர்ந்த பெடலிலும் அச்சு மரை ஒன்றே. ஒன்பதின் கீழ் பதினாறு அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. உள்ளே எவ்வளவு மாறினாலும் கிராங்கில் ஏறுகிற இடம் மாறவில்லை.

கூலி 20 ரூபாய். பையன் 200 நீட்டினார். பெரியவர் வாங்கவில்லை.

இனி 1984. அப்போது என் தகப்பனார் இருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கடைக்கு வந்து ஏழு வருடம். கடையில் மூன்று டபுள் பார் சைக்கிள். இலஞ்சி, மேலகரம், குற்றாலம் எல்லாவற்றுக்கும் சரக்கு அதில்தான் போகும். சீசன் வந்துவிட்டால் குற்றாலம் லாட்ஜுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் அரிசி, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர்களுக்கு நல்லெண்ணெய் டின், சீயக்காய் என்று ஒரு நாளைக்கு நாலு நடை. ஒரு சைக்கிளின் இடது பெடல் அச்சு ஒடிந்தது. பட்டறையில், "இடது பெடல் கைவசம் இல்லை, திருநெல்வேலியிலிருந்து பார்சல் வர ஒரு வாரம் ஆகும்" என்றார்கள். சீசன் நேரத்தில் ஒரு வாரம் சைக்கிளை நிறுத்துவதா! வலது பெடல் இருந்தது, அதையே வாங்கி மாட்டச் சொன்னேன். அவர்கள் மாட்டேன் என்றார்கள். நான் கடைக்குக் கொண்டுவந்து, பெரிய ஸ்பேனர் போட்டு முறுக்கி ஏற்ற வைத்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலது பெடலுக்கு வலது மரை, இடது பெடலுக்கு இடது மரை. மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கழன்று வராமல் இருப்பதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். மாற்றி ஏற்றினால் மரையை அறுத்துக்கொண்டுதான் ஏறும். அறுந்த மரை எத்தனை நாள் பிடிக்கும்? மூன்று நாள் பிடித்தது. நாலாம் நாள் குற்றாலம் ரோட்டில், 75 கிலோ அரிசி மூடையோடு, எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டிப் போனவருக்கு 18 வயது. முழங்கையில் எலும்பு முறிந்தது. மூடை கிழிந்து ரோட்டில் கொட்டிய அரிசியின் மதிப்பை என் தகப்பனார் அன்றிரவு சிட்டையில் என் பெயரில் பற்று எழுதினார். ஆஸ்பத்திரிச் செலவையும் என் பெயரில்தான் எழுதினார். அவரிடம் நான் எதிர்த்துப் பேசவில்லை. விழுந்தவர் இப்போது பாவூர்சத்திரத்தில் சொந்தமாகக் காய்கறிக் கமிஷன் கடை வைத்து நன்றாக இருக்கிறார். அந்தக் கை இன்றும் முழுதாக நீளாது. கல்யாண வீடுகளில் பார்த்தால், "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று இடது கையால்தான் தோளைத் தொடுவார்... வலது கைதான் முறிந்தது.

பெடல் விலை அன்றைக்குச் சில ரூபாய். அது கைவசம் இல்லாததற்கு நான் கொடுத்த விலையும், என்னை நம்பி வேலை பார்த்தவர் கொடுத்த விலையும் வேறு.

சைக்கிள் தொழில் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 1949-ல் பர்மிங்காம் கம்பெனியோடு கூட்டாக டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் வந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வடக்கே சோனிப்பட்டில் அட்லஸ், லூதியானாவில் 1956 முதல் ஹீரோ. எந்தக் கம்பெனி சைக்கிளானாலும் பெடலும் பால்ரஸ் குண்டும் காட்டர் பின்னும் ஒன்றுக்கொன்று சேரும். கம்பெனிக்காரன் கடையை மூடினாலும் சைக்கிள் ஓடும். அட்லஸ் தன் சாகிபாபாத் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ந்தேதி நிறுத்தியது. அன்றுதான் உலக சைக்கிள் தினம், வேடிக்கையைப் பாருங்கள். ஆனால் தென்காசியில் ஓடுகிற பழைய அட்லஸ் ஒன்றுகூட அதனால் நிற்கவில்லை. லூதியானாவில் செய்த பெடல் அதில் ஏறும்.

புது வகைச் சாமான்களில் அந்த வசதி பாதிதான் இருக்கிறது. வெளி மரை சேரும், உள்ளே சேராது. நான் அந்தப் பையன் போன பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஷிமானோ வகைப் பெடலின் உள்ளே அச்சைச் சுற்றி இருக்கிற பால்ரஸ் குண்டு மூன்றின் கீழ் முப்பத்திரண்டு அங்குலம். நம் பாஷையில் சொன்னால் கடுகைவிடச் சற்றே பெரிது. பட்டறையில் தரையில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது, கீழே துணி விரித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். அந்தக் குழலைக் கழற்ற பிளாஸ்டிக்கில் தனிச் சாவி. இங்கேயும் மரைச் சங்கதி உண்டு. வலது பெடலின் குழலுக்கு இடது மரை, இடது பெடலுக்கு வலது மரை, அச்சு மரைக்கு நேர் எதிர். தெரியாமல் முறுக்கினால் சாவி உடையும். உள்ளே கோனையும் நட்டையும் சரிபார்த்து, பழைய கிரீஸைத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைத்தால் மறுபடி பல வருடம் ஓடும். நம் பெரியவர் சொல்கிற அதே ஓவராயிலிங்தான், சாமான் பொடிசு என்பது மட்டுமே வித்தியாசம்.

கிளீட் தேய்கிற பொருள். ஷூவோடு நடக்க நடக்கத் தேயும், மண்ணும் மழையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் பூட்டு சில நேரம் தானே விடும், சில நேரம் விடவே விடாது. இரண்டும் ஆபத்து. திருகாணியை வாரம் ஒருமுறை அலன் கீ போட்டுப் பார்க்க வேண்டும், மரையில் சிறிது கிரீஸ் தடவிப் போட்டால் துருப்பிடித்து இறுகாது. சாரலில் ஓட்டியபின் கொக்கியில் இருக்கிற சேற்றைக் கழுவி ஸ்பிரிங்கில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நானே எண்ணெய் விற்கிறவன், அதனால் சொல்கிறேன். குளிரில் உறையும், வெயிலில் பிசினாகும், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்பீர்கள். குற்றாலத்துக்கு சீசனில் வருகிற கூட்டத்தை நம்பித்தான் இந்த வட்டாரத்தில் பாதிக் கடைகளின் வருட லாபம் இருக்கிறது. இப்போது மலையைச் சுற்றி சைக்கிளில் வருகிற இளைஞர்களை விடுமுறை நாட்களில் நிறையவே பார்க்கிறேன். அவர்கள் நம்மிடம் வாங்குவது வாழைப்பழமும் கடலை மிட்டாயும்தான் என்றாலும், இந்த ஊரில் விழுந்தால் தூக்கி விடுவார்கள், ஆனால் ஒரு திருகாணி கிடைக்காது என்று பெயர் வாங்குவது நமக்கு அழகா? அவர்களை விடுங்கள். 2001-ல் ஆரம்பித்து, 2005-க்குப் பிறகு விரிவுபடுத்தப்பட்டு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்து வருகிறது. அந்தச் சைக்கிள்களில் எத்தனை பெடல் கட்டை போய், வெறும் அச்சை மிதித்துக்கொண்டு போகின்றன என்று காலை எட்டரை மணிக்கு உங்கள் கடை வாசலில் நின்று பாருங்கள். பாவாடை, தாவணி, சுடிதார் மாட்டுகிற அச்சு அது.

சரக்கு இல்லாததால் வியாபாரம் எப்படித் திசை மாறும் என்பதற்குப் புதுக்கோட்டையைச் சொல்வார்கள். 1991, 1992-ல் அறிவொளி இயக்கத்தில் அங்கே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கேட்டவர்களுக்குக் கடையில் சரக்கு இல்லை. அவர்கள் காத்திருக்கவில்லை, ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டிவிட்டார்கள்.

ஆன்லைனில் எல்லாம் கிடைக்கிறதே என்பது அடுத்த பதில். கிடைக்கிறது, நானும் அதில்தான் வாங்கினேன். ஆனால் கூரியர் வர மூன்று நாளோ நாலு நாளோ ஆகும். ரோட்டில் விழுந்து கிடப்பவன் அது வரை கிடக்க முடியாது. அந்த மூன்று நாள்தான் உள்ளூர்க் கடைக்காரனுக்கு மிச்சம் இருக்கிற இடம். அதையும் நாம் விட்டுவிட்டு, ஆன்லைன்காரன் வியாபாரத்தைக் கெடுக்கிறான் என்று மாநாட்டில் தீர்மானம் போடுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை.

பழுது பார்க்கும் உரிமை என்று மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் திறந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோக சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் என்று நாலு துறைகளைச் சொன்னார்கள். நல்ல காரியம். சைக்கிளுக்கு அதில் தனி இடமில்லை. நம் கடைகளில் இருக்கிற எலெக்ட்ரானிக் தராசும் பில் மெஷினும் நின்றுவிட்டால் போர்டு இல்லை, கீ இல்லை, புதுசு வாங்குங்கள் என்கிறார்களே, அதுவும் இதே வியாதிதான். அதைப்பற்றி இன்னொரு முறை எழுத ஆசிரியர் இடம் தர வேண்டும்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், கணக்கோடு. ஆடி முதல் வாரத்தில் ஒரு தகரப் பெட்டி வாங்கினேன். எஸ்.பி.டி. கிளீட் இரண்டு ஜோடி 2,000 ரூபாய். சாதா ரப்பர் பெடல் மூன்று ஜோடி 450. அலன் கீ செட்டும் 15 மில்லிமீட்டர் மெல்லிய ஸ்பேனரும் 800. தலை தாழ்ந்த திருகாணி, பொடி பால்ரஸ் குண்டு, கிரீஸ் எல்லாம் 450. இன்னொரு வகைக் கிளீட் ஒரு ஜோடி 900. ஆக 4,600. இந்தக் கடைசி 900 தண்டம். அது ரோட்டுப் பந்தய வகை, மூன்று துளை. மலை சைக்கிள் ஷூவுக்கு இரண்டு துளை. படத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். பெட்டியின் அடியில் இன்னும் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் பாதி விலைக்குத் தருகிறேன்.

பெட்டியைப் பெரியவரின் பட்டறையில் வைத்தேன். சீசன் முடிய விற்றது ஒரு ஜோடி கிளீட், இரண்டு ஜோடி ரப்பர் பெடல், சில்லறைச் சாமான், எல்லாம் சேர்த்து 1,660 ரூபாய். ஒரு சக வியாபாரி கேட்டார், "யாருக்கு அண்ணாச்சி இது? முதலே திரும்பலயே?" என்று. முதல் திரும்பவில்லை, உண்மை. ஆனால் மிச்சம் இருப்பது புழு வைக்கிற சரக்கில்லை, காலாவதித் தேதி போட்ட சரக்கும் இல்லை. அந்தப் பட்டறையில் பெடல் தைத்துக்கொண்டு போன பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் பெரியவர் எத்தனை வேலை செய்தார் என்பதை நான் கணக்கில் எழுதவில்லை, அவரும் சொல்லமாட்டார். தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அடுத்த கொள்முதல் இன்னும் மலிவாக வரும்.

என் கோரிக்கை இதுதான். தென்காசி, குற்றாலம், செங்கோட்டை மூன்று ஊர்களிலும் ஒவ்வொரு பட்டறையில் இப்படி ஒரு பெட்டியைச் சங்கத்தின் பொறுப்பில் வைக்க வேண்டும். பெட்டிக்கு 4,000 ரூபாய் வீதம் 12,000 போதும். ஒரு மெம்பருக்கு நூறு ரூபாய் என்றால் 120 பேர். சரக்குக்கு ஒரு நோட்டு, மாதம் ஒருமுறை பார்வை. பட்டறைக்காரருக்குக் கமிஷன் கண்டிப்பாக உண்டு, தர்மத்துக்கு வேலை வாங்கக் கூடாது. இடது பெடலும் வலது பெடலும் தனித்தனித் தட்டில், எழுத்து எழுதி ஒட்டி வைக்க வேண்டும். குற்றாலம் பெட்டி மெயின் அருவி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஐந்தருவி ஏற்றத்தில் நின்றுபோகிறவர்கள் உருட்டிக்கொண்டே இறங்கி வந்துவிடலாம்.

ஆனி பிறக்குமுன் வைத்தால்தான் சாரலுக்கு உதவும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கும்படி செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். தென்காசிப் பெட்டிக்கு ஏற்கெனவே என் சரக்கு இருக்கிறது, அந்த மூன்று துளைக் கிளீட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொள்முதல் விலைக்கே எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பாவூர்சத்திரத்துக்காரரிடம் சொன்னேன். அவர் முதல் ஆயிரத்தை அனுப்பிவிட்டார்.